ஏற்காட்டில் வீடு எடுத்துத் தங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் போடும் முன் இதைக் கேளுங்கள்

இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஏற்காடு போவதாக இருந்தால் லாட்ஜில் நாலு ரூம் போடுவதைவிட ஒரு முழு வீடு எடுப்பதுதான் வசதி. நாமே சமைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் வாசலில் ஓடலாம், மாடி ஏற முடியாத பெரியவர்களுக்குக் கீழேயே ஒரு ரூம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் போட்டோவில் பால்கனியைப் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்கு தெரிகிறது என்ற ஒரே சந்தோஷத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வியூவை விடுங்கள். மேலே எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கண்ணில் படத்தான் செய்யும். விசாரிக்க வேண்டியது தண்ணீரையும் கடைசி ஒரு கிலோமீட்டர் ரோட்டையும்.

முதலில் தண்ணீர். மார்ச் தாண்டினால் கிணறு இறங்கி, லாரியில் வாங்கி ஊற்றுகிற வீடுகள் அங்கே உண்டு. "தண்ணி வசதி இருக்குங்களா?" என்று கேட்டால் "அதெல்லாம் தாராளமா இருக்குங்க" என்றுதான் பதில் வரும், அதனால் அப்படிக் கேட்காதீர்கள். கிணறா, போரா, லாரியா. டேங்க் எத்தனை லிட்டர். மோட்டார் போட ஆள் அங்கேயே இருக்கிறாரா, இல்லை ஊருக்குள்ளிருந்து வர வேண்டுமா என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். 10 பேர் போகிறீர்கள், ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 1,000 லிட்டர், அதாவது மொட்டை மாடியில் நிற்கிற அந்த ஒரு கறுப்பு டேங்க் முழுவதும். காலையில் எல்லாரும் குளித்து முடித்து, மத்தியானம் பாத்திரம் தேய்க்க உட்காரும்போது குழாயில் காற்றுதான் வரும். கீசரைப் பற்றியும் ஒரு வார்த்தை: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட் எரியும், போன் சார்ஜ் ஏறும், அதோடு சரி. விறகு அடுப்பில் வெந்நீர் வைத்துத் தர ஆள் இருந்தால் அந்த வீட்டுக்கே என் ஓட்டு.

அப்புறம் ரோடு. ஊரைச் சுற்றி வரும் லூப் ரோடு மட்டுமே 32 கிலோமீட்டர். "ஏற்காட்டில் வீடு" என்று போட்டிருப்பது ஊர் நடுவே ஒண்டிக்கடைப் பக்கத்திலும் இருக்கலாம், ஊரை விட்டுத் தள்ளி நாகலூர்ப் பக்கம் ஏதோ எஸ்டேட்டுக்குள்ளும் இருக்கலாம். ஓனர் ஜீப் வைத்திருப்பார், அவரிடம் "கார் வருமா?" என்றால் வரும் என்றுதான் சொல்வார். மழை பெய்த மறுநாள் தாழ்ந்த கார் வாசல்வரை வருமா, டெம்போ டிராவலர் என்றால் எங்கே திருப்புவது என்று கேட்டு, அந்த மண்ரோட்டை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியை மேலே நிறுத்திவிட்டு அரை கிலோமீட்டர் இறங்கி நடக்க வேண்டும் என்றால் குழந்தை, பெரியவர்களோடு அந்த வீடு வேண்டாம். பொழுது சாய்ந்தால் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வரும், டார்ச் அடித்துக்கொண்டு சாமான் தூக்கி நடக்கிற இடமில்லை அது.

மாதத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். மே மாதம் கோடை விழாக் கூட்டம், வாடகையும் உச்சத்தில் இருக்கும், பேரம் பேச முடியாது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை, அதுவும் செவ்வாய் புதனில் போனால் குளிரும் கிடைக்கும், விலையும் இறங்கிவரும், அட்டை கடிக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கிற காலம், சமைத்துத் தருவதாகச் சொன்ன அக்காவே பறிப்புக்குப் போய்விடலாம், முன்கூட்டியே உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அதனால் மழைக்காலத்தில் எடுப்பவர்கள், ரோடு அடைத்தால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்பதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

பணம் அனுப்பும் முன் ஒரு வீடியோ கால், பகலில், வீட்டுக்குள் இருந்து. அடுத்தவர் வீட்டுப் போட்டோவைப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இந்த இடத்தில் நழுவிவிடுவார்கள். கால் போகும்போதே மாடி பாத்ரூம் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அடுப்படிக்குள்ளும் போகச் சொல்லுங்கள். "ஃபுல் கிச்சன்" என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் 3 லிட்டர் குக்கர் ஒன்று, பிடி ஆடுகிற தோசைக்கல் ஒன்று, டீ வடிகட்டி கிடையாது. பெரிய குக்கர், கத்தி, லைட்டர் மூன்றையும் நம் வண்டியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

காய்கறி, மளிகை எல்லாம் கீழே சேலத்திலேயே முடித்துவிடுங்கள். அஸ்தம்பட்டி உழவர் சந்தை போகிற வழிதான், காலையில் வாங்கிக்கொண்டு அப்படியே ஏறிவிடலாம். ரசப்பொடி, இட்லி மாவுகூடக் கொண்டுபோகலாம், ஆனால் மேலே குளிரில் மாவு சீக்கிரம் புளிக்காது, கீழேயே புளிக்க வைத்துவிடுங்கள். ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்காதீர்கள், குரங்கு முறுக்கோடு பையையும் சேர்த்து இழுக்கும்.

சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர வேண்டும். சாவி வாங்கியதும், பெட்டியைப் பிரிக்கும் முன், ஏற்கெனவே உடைந்த கண்ணாடி, கறை படிந்த மெத்தை எல்லாவற்றையும் போனில் எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள், கிளம்பும்போது டெபாசிட்டில் பிடித்தம் என்ற பேச்சு வராது.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக் கிளம்பிவிடுங்கள், சாயங்காலம் அடிவாரம்வரை வண்டி வரிசை கட்டும். ஆத்தூர், சென்னைப் பக்கம் போகிறவர்கள் எப்படியும் சேலத்துக்குள் நுழைய வேண்டியதில்லை, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கினால் அயோத்தியாப்பட்டணத்தில் நேராக மெயின் ரோட்டைப் பிடித்துவிடலாம்.