ஆதி மனுஷன் ஃபாசில் பத்திப் பேச வர்றவங்க பண்ற தப்புகள் (எல்லாம் நான் பண்ணதுதான்)

போன வாரம் ஒரு பையன், மனித பரிணாமம் பத்தி முதல் தடவையா பேசப் போறான், ஸ்லைடை அனுப்பி "அண்ணா ஒரு தடவை பாத்துடுங்க"ன்னான். மூணாவது ஸ்லைடுலயே பகீர்னு ஆயிடுச்சு. 2016ல நான் பண்ண அதே தப்பு, அதே இடத்துல. குரங்குலேர்ந்து மனுஷன் வரிசையா நடந்து வர்ற படம் தப்புங்கறதெல்லாம் இப்ப எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடறேன்.

மூஞ்சியப் பாத்து வயசு போடறது

தென்னாப்பிரிக்காவுல ரைசிங் ஸ்டார் குகையில 2013ல எலும்பு கிடைச்சு, 2015ல ஹோமோ நலேடின்னு பேர் வச்சு அறிவிச்சாங்க. 1,500க்கு மேல துண்டுங்க, குறைஞ்சது 15 பேரோடது. மூளை ஒரு ஆரஞ்சுப்பழம் அளவு, விரலெல்லாம் மரம் ஏறத் தோதா வளைஞ்சிருக்கு, ஆனா பாதம் கிட்டத்தட்ட நம்ம பாதம். வயசு மட்டும் அப்ப சொல்லல. அந்தக் குகையில எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடையாது, கூட கிடந்து காலத்தைக் காட்டிக்கொடுக்கற மிருக எலும்பும் உருப்படியா இல்ல. சொல்லாததை நானா சொன்னேன். இவ்ளோ சின்ன மூளைன்னா எப்படியும் 20 லட்சம் வருஷம் இருக்கும்னு முடிவு பண்ணி, காலக்கோடு ஒண்ணு வரைஞ்சு, பன்னெண்டு அடிக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அடிச்சேன், சொந்தக் காசு.

2017 மே மாசம் தேதி வந்துச்சு. பல்லையும் மேல படிஞ்சிருந்த சுண்ணாம்புப் படிவத்தையும் சோதிச்சுட்டு, 2,36,000லேர்ந்து 3,35,000 வருஷத்துக்குள்ளன்னு சொன்னாங்க. அடுத்த மாசமே மொராக்கோ ஜெபல் இர்ஹூத் எலும்புக்கு சுமார் 3 லட்சம் வருஷம்னு வந்துச்சு, அது நம்ம இனம். அதாவது நான் தாத்தாவோட தாத்தான்னு உக்கார வச்ச ஆளு, நம்ம ஆளுங்க இருந்த காலத்துலயே அதே கண்டத்துல சுத்திட்டு இருந்திருக்கான். பேனர் மேல ஸ்டிக்கர் ஒட்டினேன், ஆறு மாசத்துல அது ஓரம் எழும்பி "20 லட்சம்" எட்டிப் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, ஸ்டிக்கரைத் தூக்கிப் பாத்துட்டு "இதுல எது சார் கரெக்ட்?"னு கேட்டுச்சு. இன்னிக்கும் நினைச்சா எரிச்சலா வருது, அவ மேல இல்ல.

ஒண்ணு புரிஞ்சுக்கணும், லூசிங்கற ஆதி மனுஷப் பொண்ணோட எலும்புக்கூட்டுக்கு 32 லட்சம் வருஷம்னு சொல்றோமே, அவ எலும்பை யாரும் அளந்து சொன்னதில்ல. எத்தியோப்பியா ஹடார்ல அவ கிடந்த இடத்தை ஒட்டின சாம்பல் அடுக்கோட வயசு அது. அந்த அடுக்கோட தேதி தப்பினா எலும்பும் சேந்து தப்பும். கென்யாவுல கூபி ஃபோராவுல 1972ல கிடைச்ச 1470ங்கற மண்டை ஓடு அப்படித்தான் மாட்டுச்சு. மேல இருந்த கேபிஎஸ் சாம்பல் அடுக்குக்கு முதல்ல 26 லட்சம்னு தேதி போட்டிருந்தாங்க, அப்ப மண்டை ஓடு அதுக்கும் மூத்ததுன்னு ஆச்சு. பன்னி ஃபாசில் பாக்கறவங்க ஒத்துக்கல, இதே மாதிரி பன்னிங்க எத்தியோப்பியா ஓமோவுல 20 லட்சம் பக்கத்து அடுக்குலதானே இருக்குன்னாங்க. வருஷக்கணக்கா சண்டை. கடைசியில சாம்பலை மறுபடி அளந்தா 19 லட்சத்துக்குப் பக்கம். பன்னிப் பல்லு ஜெயிச்சிடுச்சு. அதனால ஒரு மண்டை ஓட்டைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி எந்த அடுக்கு, கூட என்ன கிடந்துச்சுன்னு தேடுங்க. பதில் கிடைக்கலையா, காலக்கோட்டுல கேள்விக்குறி போட்டு விடுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க.

குழந்தை மண்டையை வச்சு மனுஷ ஜாடை பேசறது

1924ல தென்னாப்பிரிக்காவுல மண்டை ஓடு கிடைச்ச டாங் குழந்தைக்கு மூணு நாலு வயசுதான் இருக்கும். குட்டி சிம்பன்சி மூஞ்சி கூட உருண்டையா, நெத்தி எழும்பி, நம்ம சாயல்லதான் இருக்கும், வளர வளரத்தான் தாடை முன்னாடி தள்ளும். அந்த மண்டை ஓட்டை ஆராய்ஞ்ச ரேமண்ட் டார்ட், இது மனுஷனுக்கு நெருங்கின சொந்தம்னு 1925ல எழுதினப்ப பெரிய தலைங்க இதைச் சொல்லித்தான் தட்டிக் கழிச்சாங்க. ஆனா அவர் தண்டுவடம் உள்ள போற ஓட்டையையும் காட்டினார், அது மண்டைக்கு நல்லா அடியில இருந்துச்சு, தலை நேரா உக்காந்திருந்ததுக்கு அடையாளம். ஜாடைய விட்டுட்டு ஓட்டையப் பேசுங்க.

லூசிக்கு கார்பன் டேட்டிங்

50,000 வருஷம் தாண்டினா அது வேலைக்கு ஆகாது.

"முழு எலும்புக்கூடு"

லூசியோட எலும்புல கிடைச்சது 40 சதவீதம்தான்.

தோல் கலர், முடி, மூக்கு

படத்துல பாக்கற இதெல்லாம் ஓவியர் போட்டது, எலும்பு சொன்னதில்ல.

லேட்டோலி கால்தடம்

அது தான்சானியா, 1978ல மேரி லீக்கிங்கற ஆய்வாளரோட குழு தோண்டினது, ஈரச் சாம்பல்ல நடந்தவங்க தடம், 36 லட்சம் வருஷத்துக்கு மேல. லூசிக்கு நாலு லட்சம் வருஷம் முந்தி. பையன் நேத்து ஸ்லைடைத் திருத்தி அனுப்பினான். நலேடி சரியா இருக்கு. கால்தடம் படத்துக்குக் கீழ "லூசி நடந்த பாதை"ன்னு போட்டிருக்கான்.