ஸ்கெட்சப்பில் மெட்டீரியல் மாற்றம்: ஒவ்வொரு ஃபேஸாகத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள்

ஸ்கெட்சப் என்ற 3டி மாடலிங் மென்பொருளில் வீட்டு மாடல் மொத்தமும் முடிந்த பிறகுதான் வாடிக்கையாளர்கள் "தரையை மட்டும் வேறு மாதிரி பார்க்கலாமா" என்று கேட்பார்கள். மெட்டீரியலை (பரப்பில் பூசும் நிறம் அல்லது படம்) மாற்ற, பெயின்ட் பக்கெட் கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபேஸாக (மாடலின் தட்டையான பரப்பு) தட்ட ஆரம்பித்தால் நேரம் போவது ஒருபக்கம், படிக்கட்டின் ஓரத்தில் எங்கேயோ பழைய டைல்ஸ் விட்டுப்போய் கடைசியில் ரெண்டரில், அதாவது மாடலிலிருந்து எடுக்கும் நிஜம் போன்ற படத்தில்தான் கண்ணில் படும். இதைச் சரியாகச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. எப்போது எது என்று தெரிந்துவிட்டால் போதும். (கீழே சொல்லும் கீகள் விண்டோஸ் பதிப்புக்கு உரியவை.)

முதல் வழி, மெட்டீரியலையே திருத்துவது. மெட்டீரியல்ஸ் ட்ரேயில் வீடு போன்ற ஐகானை அழுத்தினால் மாடலில் இருக்கும் மெட்டீரியல்கள் மட்டும் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எடிட் டேபுக்குப் போய் படத்தை மாற்றுங்கள். அவ்வளவுதான், அந்த மெட்டீரியல் பூசிய எல்லா ஃபேஸும், குரூப்புக்குள் (ஒன்றாகக் கட்டிவைத்த பகுதிகள்) குரூப்பாக ஒளிந்திருப்பது உட்பட, ஒரே நேரத்தில் மாறிவிடும். படத்தை மாற்றியதும் அகல உயர அளவைக் கட்டாயம் பாருங்கள். 600 மி.மீ. டைல், படத்தில் இரண்டுக்கு இரண்டாக நான்கு டைல் தெரிகிறது என்றால் அகலம் 1200 மி.மீ. என்று இருக்க வேண்டும்; 600 என்றே விட்டால் தரையில் 300 மி.மீ. டைல் போட்டது போலத்தான் தெரியும், பார்ப்பவர் அறையின் அளவையே தப்பாக எடுத்துக்கொள்வார்.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. ஹால் தரைக்கும் குளியலறைச் சுவருக்கும் ஒரே மெட்டீரியலைப் பூசியிருந்தால் இரண்டும் சேர்ந்து மாறும். அதனால் படம் ஒன்றாகவே இருந்தாலும் இடத்துக்கு ஒரு மெட்டீரியல் என்று தொடக்கத்திலேயே பிரித்து, "தரை-ஹால்", "சுவர்-குளியலறை" என்று பெயர் வையுங்கள். "பழுப்பு மரம்" என்று வைத்தால் நாளைக்கு அது சாம்பல் ஆனதும் பெயர் பொய்யாகிவிடும். என்ஸ்கேப் போன்ற ரெண்டர் மென்பொருளில் பெயருக்குக் கூடுதல் வேலையும் உண்டு: மெட்டீரியல் பெயரில் ஆங்கிலத்தில் கிராஸ், வாட்டர் என்று இருந்தால் அதை அது புல்லாகவும் தண்ணீராகவுமே காட்டும்.

இரண்டாவது வழி, மெட்டீரியலை அப்படியே விட்டுவிட்டு ஃபேஸ்களுக்கு வேறொன்றைப் பூசுவது. புது மெட்டீரியலை எடுத்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பழையது இருக்கும் ஒரு ஃபேஸில் கிளிக் செய்தால் அதே மெட்டீரியல் உள்ள மற்ற ஃபேஸ்களும் மாறும். கன்ட்ரோலைப் பிடித்தால் ஒட்டியிருக்கும் ஃபேஸ்கள் மட்டும். ஆல்ட் பிடித்தால் பக்கெட் ஐட்ராப்பராகி (மெட்டீரியலை உறிஞ்சும் கருவி), கிளிக் செய்த இடத்தின் மெட்டீரியலை எடுத்துக்கொள்ளும். மரத்தின் கோடுகள் ஒரு பலகையிலிருந்து அடுத்ததுக்குத் தொடர்ச்சியாகப் போக வேண்டுமென்றால், டெக்ஸ்சர் பொசிஷனில் (பூசிய படத்தை நகர்த்தித் திருப்பும் வசதி) சரிசெய்த ஃபேஸை ஆல்ட்டால் எடுத்து அடுத்ததில் பூசுங்கள், ஓட்டம் அறுந்துபோகாது.

சரி, பழையது முழுக்கப் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? மாடலில் பயன்படும் மெட்டீரியலின் கட்டத்தில் கீழ் வலது மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அது இன்னும் இருந்தால் எங்கோ மிச்சம் இருக்கிறது. சில நேரம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் முன்பு அழித்த ஒரு காம்போனென்ட் (பல இடங்களில் நகலாக வைக்கும் பொருள்) ஃபைலுக்குள் கிடந்து அந்த மெட்டீரியலைப் பிடித்து வைத்திருக்கும். மாடல் இன்ஃபோவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போய் பர்ஜ் அன்யூஸ்டு (பயன்படாததை நீக்குவது) கொடுத்தால் காம்போனென்ட், மெட்டீரியல் இரண்டுமே சுத்தமாகும். ஆயத்த மாடல்கள் கிடைக்கும் இணையக் கிடங்கான 3டி வேர்ஹவுஸிலிருந்து சோபாவும் செடியும் இறக்கிய ஃபைலில் இதைச் செய்தால் சைஸ் குறைவது நன்றாகவே தெரியும்.

பூசுகிறோம், ஆனால் மாற மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் குரூப் விவகாரம்தான். குரூப்பை வெளியிலிருந்து பூசினால் உள்ளே எதுவும் பூசாமல் டிஃபால்ட்டாக இருக்கும் ஃபேஸ்கள் மட்டும் அந்த நிறத்தை வாங்கும். உள்ளே போய் நேரடியாகப் பூசியவை அசையாது. இதையே நமக்குச் சாதகமாக்கலாம். நாற்காலி காம்போனென்ட்டில் கால்களுக்கு உலோகத்தை நேரடியாகப் பூசிவிட்டு இருக்கையை டிஃபால்ட்டாக விட்டால், ஒரே காம்போனென்ட்டை வெளியிலிருந்து ஒன்றைச் சிவப்பு, ஒன்றைப் பச்சை என்று பூசிக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்து பூசியதற்கு டெக்ஸ்சர் பொசிஷன் வேலை செய்யாது, கோடுகளின் திசையைத் திருப்ப வேண்டிய தரைக்கு உள்ளே போய்த்தான் பூச வேண்டும்.

ஃபேஸின் திசையையும் பாருங்கள். மெட்டீரியல் இல்லாமல் காட்டும் மோனோக்ரோம் ஸ்டைலில் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் அது பின்பக்கம், அங்கே பூசியது சில ரெண்டர்களில் வராமலே போகும். ரிவர்ஸ் ஃபேஸஸ் (முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றுவது) கொடுத்துவிட்டுப் பூசுங்கள்.

அப்புறம், இரண்டு தேர்வுகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டக் கேட்டால் சீன்களை (சேமித்து வைத்த பார்வைகள்) மட்டும் நம்பாதீர்கள், சீன் மெட்டீரியலை நினைவில் வைக்காது. தரையை மட்டும் குரூப்பாக்கி, அதே இடத்தில் ஒரு நகல் எடுத்து, இரண்டையும் தனித்தனி டேகில் (பகுதிகளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் குறி) போட்டு வேறு வேறு மெட்டீரியல் பூசுங்கள்; ஒரு சீனில் ஒரு டேக் மட்டும் தெரியட்டும், அடுத்ததில் மற்றது. முடிவான பிறகு வேண்டாத குரூப்பை அழித்து ஒருமுறை பர்ஜ் கொடுத்துவிடுங்கள்.