சபையில ஒருத்தர் படுத்த படுக்கையாயிட்டா நாம என்ன செய்யணும்

"ஜெபிச்சுக்கிறோம் பிரதர்"னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போறது நம்ம சபைகள்ல ரொம்ப சாதாரணமாயிடுச்சு. ஜெபம் கண்டிப்பா வேணும், ஆனா துணியும் சாப்பாடும் இல்லாத சகோதரன்கிட்ட "குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால மட்டும் சொல்லி அனுப்புனா பிரயோஜனம் என்னன்னு யாக்கோபு 2-ம் அதிகாரம் நேராவே கேக்குது.

முதல்ல, "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க"ன்னு சொல்றத விட்டுடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. செய்யப்போறத நீங்களே சொல்லுங்க, "அக்கா, வியாழக்கிழம டயாலிசிஸுக்கு அண்ணன நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க"ன்னு. வாரத்துக்கு 2, 3 தடவ டயாலிசிஸ் ஓடுற வீட்டுல நோயாளியோட சம்பளம் ஏற்கனவே நின்னுருக்கும், கூடப் போறவங்களோட கூலியும் அந்த நாள்ல போயிடும், வெளிய இருந்து பாக்குற நமக்கு இது சட்டுனு தெரியாது. நாலு பேர் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கிட்டா அந்த அக்கா கை முடங்காம இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒருத்தரோ ரெண்டு பேரோ போங்க. ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்ச கையோட வேன்ல பதினஞ்சு பேர் போய் பெட்டச் சுத்தி நின்னு பாட்டுப் பாடுனா, வலியோட படுத்திருக்கிறவரு மரியாதைக்கு எந்திரிச்சு உக்காரப் பாப்பாரு, அடுத்த பெட்காரருக்கும் தொந்தரவு. ஒரு சங்கீதம் வாசிங்க, மெதுவா ஜெபம் பண்ணுங்க, போதும். அப்புறம் கூட இருக்கிறவங்களப் பாருங்க, அவங்களத்தான் எல்லாரும் மறந்துடுறோம். பெட்டுக்குக் கீழ பாய விரிச்சு, பையத் தலைக்கு வச்சு, நர்ஸ் கூப்பிடுவாங்களோன்னு அரைத்தூக்கத்துல கிடப்பாங்க. ஒரு ராத்திரி நீங்க இருந்துக்கிட்டு அவங்கள வீட்டுக்கு அனுப்புங்க, குளிச்சு சூடா சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சு வரட்டும் (பொம்பளைங்க வார்டுக்குப் பொம்பளைங்கதான் போகணும், அதுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்துல முறை போட்டுக்கலாம்). ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக் குவிக்கிறதுக்கு முன்னாடி சுகர் இருக்கான்னு கேட்டுக்குங்க.

காப்பீட்டு அட்டைய ஆரம்பத்துலயே விசாரிச்சுடுங்க. தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைக்கு வழி இருக்கு, வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், ரேஷன் கார்டும் விஏஓ குடுக்கிற வருமானச் சான்றும் வேணும். இது தெரியாம நகைய அடகு வச்சு, வட்டிக்கு வாங்கிக் கட்டுற குடும்பம் இன்னும் இருக்கு. சபையில படிச்ச பிள்ளைங்க எத்தன பேர் இருக்காங்க, ஒருத்தர் லீவு போட்டு அவங்க கூட அலைஞ்சா அதுவும் ஊழியம்தான்.

பணம் குடுக்கிறதுல ரொம்பக் கவனம் வேணும். தேவையில இருக்கிறவங்க பேர ஆராதனை அறிவிப்புல வாசிக்காதீங்க, கவர் குடுக்கிறதப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க, அந்த வீட்டுப் பிள்ளைங்களும் அதே குரூப்ல இருக்காங்க. சபை போதகரான ஐயருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் மட்டும் பேர் தெரிஞ்சா போதும், ஆனா கணக்கு நோட்டுல ஒழுங்கா இருக்கணும். எருசலேம் பரிசுத்தவான்களுக்குச் சேத்த காணிக்கையக் கொண்டுபோறப்ப யாரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு பவுலே சபைகள் தெரிஞ்செடுத்த ஆளக் கூட வச்சுக்கிட்டாரு, 2 கொரிந்தியர் 8-ல இருக்கு. கையில காசு இல்லாதவங்களும் குடுக்கலாம், உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசிய சபைக்குன்னு எடுத்து வைக்கிற வழக்கத்த மிசோரம் சபைகள் நூறு வருஷத்துக்கும் மேல விடாம வச்சிருக்காங்க.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். அப்போஸ்தலர் 6-ல அன்றாட விசாரணையில, அதாவது தினமும் சாப்பாடு பங்கிடுறதுல, கிரேக்க பாஷை பேசுன விதவைகள் விடுபட்டுப் போனாங்க, உடனே ஏழு பேர நியமிச்சு சரி பண்ணுனாங்க. நம்ம சபையில விடுபட்டவங்க யாருன்னு உக்காந்து பேர் எழுதிப் பாருங்க. வெளியூர்ல இருந்து பிழைக்க வந்தவங்க, ஊர்ல சொந்தபந்தம் இல்லாதவங்க, கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு ஆசீர்வாதம் முடிஞ்ச உடனே கிளம்பிப் போறவங்க, அப்புறம் சாதி வேறங்கிறதால யாரும் வீடு ஏறிப் போகாத குடும்பங்க. ஒரே பாத்திரத்துல நற்கருணை எடுத்துட்டு, அவங்க வீட்ல ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க யோசிச்சா நாம என்ன விசுவாச குடும்பம்? திருநெல்வேலிப் பக்கம் விசுவாசத்துக்காக அடி வாங்கி வீடு இழந்து நின்ன ஜனங்களுக்குன்னே 1799-ல நிலம் வாங்கி முதலூர்னு ஒரு ஊரையே உண்டாக்குனாங்க, அந்தக் காலத்து உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் முன்ன நின்னு செஞ்சது அது. அந்த வழியில வந்த நமக்கு ரெண்டு தெரு தள்ளிப் போய்க் கதவத் தட்டுறது முடியாததா?

இன்னொன்னு, முத வாரம் கூட்டம் அலைமோதும், மூணாவது மாசம் ஒரு ஆளும் எட்டிப் பாக்காது. அதனால எல்லாரும் ஒரே நேரத்துல ஓடாதீங்க. காலண்டர்ல தேதி போட்டுப் பிரிச்சுக்குங்க, இந்த வாரம் ஒரு வீட்டுல இருந்து சாப்பாடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு. ஒருவேள அவரு கர்த்தருக்குள்ள போயிட்டா, அடக்க ஆராதனையோட பொறுப்பு முடியல, இறப்புச் சான்றிதழ், பேங்க் கணக்கு, விதவை உதவித்தொகை மனுன்னு அந்த அக்கா ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கணும். ஃபாரத்த நிரப்பிக் குடுத்து, தாலுகா ஆபீஸுக்குக் கூடவே போய் வரிசையில நில்லுங்க, முத கிறிஸ்மஸுக்கு அந்தப் பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கிறதயும் இப்பவே யாராவது ஒருத்தர் ஏத்துக்குங்க.