பழைய கணினியின் மதர்போர்டை மாற்றும் முன்

மதர்போர்டைக் கழற்றிப் புதியதைப் பூட்ட அரைநாள் போதும். அது வீணாகாமல் இருக்க, திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே சில விஷயங்களை முடித்துவிட வேண்டும்.

முதலில், பழுது போர்டில்தான் என்று உறுதிசெய்யுங்கள். திரை வராமல் மின்விசிறி மட்டும் சுற்றினால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேம்களைக் கழற்றுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும் ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். அது தீர்ந்துபோனதால் மட்டுமே கிளம்ப மறுக்கும் பழைய போர்டுகள் உண்டு. அடுத்து, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ். அதன் ஃபேன் சுற்றுவதை வைத்து அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு வயரில் வைத்து அளந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் போர்டை மாற்றினால், பழைய போர்டைக் கெடுத்த அதே எஸ்எம்பிஎஸ் புதியதையும் கெடுத்துவிடலாம். பிராசஸரைச் சுற்றியுள்ள சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால், பழுது பெரும்பாலும் போர்டில்தான்.

போர்டின் மாடல் எண் பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு இடையே அச்சிடப்பட்டிருக்கும். கணினி இன்னும் ஓடுகிறது என்றால் சிபியு-இசட் மென்பொருளே காட்டிவிடும். அதே மாடல், அதே பதிப்பு எண் கொண்ட போர்டு கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். டிரைவர் தொல்லை ஏறக்குறைய இருக்காது. வேறு மாடல்தான் என்றால், பிராசஸர், ரேம், கேபினெட் மூன்றுக்கும் அது பொருந்த வேண்டும்.

இதில் ஏமாற்றுவது பிராசஸர் உட்காரும் சாக்கெட்தான். எல்ஜிஏ 1151 என்ற ஒரே சாக்கெட் பெயரில் வந்த போர்டுகளில், இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறை பிராசஸர்களுக்கு 100, 200 வரிசை சிப்செட்டும் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்), 8, 9-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட்டும் வேண்டும். மாற்றிப் போட்டால் பிராசஸர் சரியாக உட்காரும், ஆனால் கணினி கிளம்பாது. அதனால் தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் போர்டுக்கான பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசஸருக்கு எந்த பயாஸ் (கணினியைக் கிளப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பு தேவை என்பதும் அங்கேயே இருக்கும். ரேமில் டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரு தலைமுறைகளுக்கும் 240 கால்கள்தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தித் திணிக்காதீர்கள். போர்டின் அளவில் ஏடிஎக்ஸ் வகை 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 × 244 மி.மீ. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டைப் பூட்டலாம், சிறியதில் பெரியதைப் பூட்ட முடியாது. நிறுவனங்கள் முழுதாகக் கட்டி விற்ற கணினியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. எஸ்எம்பிஎஸ் இணைப்பும் முன்பக்கப் பட்டன் வயரும் பலவற்றில் பொது அளவில் இருக்காது. அப்படிப்பட்டவற்றுக்கு அதே மாடல் போர்டைத் தேடுவதே நல்லது.

பயன்படுத்திய போர்டை வாங்குவதானால், மூடி கழற்றிய சாக்கெட்டின் நெருக்கமான படத்தைக் கேளுங்கள். எல்ஜிஏ வகையில் மெல்லிய கால்கள் போர்டில்தான் உள்ளன. ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். இணைப்புகளுக்குத் துளைகள் உள்ள பின்பக்கத் தகடும் உடன் வருகிறதா என்று கேளுங்கள். மற்றொரு போர்டின் தகடு பெரும்பாலும் பொருந்தாது. அகலப் பட்டை வயரில் இணையும் பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் அந்த இணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கணினி இன்னும் ஓடும்போதே செய்ய வேண்டியவை சில. முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். ஓடவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் நகலெடுக்கலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். போர்டு மாறியதும் அது கேட்கும், சாவி இல்லையேல் கோப்புகள் திரும்பாது. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு கட்டுண்டது, அதற்குப் புதிய உரிமம் தேவைப்படலாம். பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறை ஏஹெச்சிஐயா ஐடிஇயா, பூட் (கணினி கிளம்பும்) முறை யுஇஎஃப்ஐயா லெகஸியா என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். புதிய போர்டில் அதே அமைப்பு இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடலாம், அல்லது டிஸ்க்கையே கண்டுகொள்ளாது.

கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியவை: 2-ஆம் எண் பிலிப்ஸ் திருப்புளி, பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட், 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு வராத துணி, புதிய பட்டன் பேட்டரி.

ஏஎம்டி ஏஎம்3, ஏஎம்4 பிராசஸர்களில் கால்கள் பிராசஸரின் அடியில் உள்ளன. காய்ந்த பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொள்வதால், கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரே பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். அதனால் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து மின்சாரத்தையும் துண்டித்த பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். ஓடாத கணினியில் ஹேர் டிரையரால் கூலரைச் சூடாக்கலாம்.

கழற்றுவதற்குச் சற்று முன், எல்லா வயரையும் படமெடுங்கள். முன்பக்கப் பட்டன், எல்இடி வயர்களை மட்டும் தனியாக, எழுத்து தெரியும்படி எடுங்கள். ஆனால் புதிய போர்டில் வரிசை மாறலாம் என்பதால் அதன் கையேட்டையும் திறந்து வையுங்கள். கேபினெட்டில் உள்ள பித்தளைத் தாங்கிகளைப் புதிய போர்டின் துளைகளோடு ஒப்பிட்டு, துளை இல்லாத இடத்தில் நிற்பதைக் கழற்றிவிடுங்கள். அப்படி ஒன்று தவறி நின்றால் போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகும். மின்வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்துங்கள். அதன் பிறகு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, வேலையைத் தொடங்கலாம்.