ரிட்டயர் ஆனபின் காலை பத்து மணிக்கு என்ன செய்வது?

முதல் மாதம் நன்றாகத்தான் போகும். அலாரம் கிடையாது, பேப்பரை வரி விளம்பரம் வரை படிக்கலாம், பத்து வருஷமாகத் தள்ளிப்போட்ட குலதெய்வக் கோயிலுக்கும் போய் வரலாம். இரண்டாவது மாதம் நான் சமையலறைக்குள் புகுந்து பருப்பு டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். "ஏங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று மனைவி கேட்டாள். இல்லை, அதுதானே பிரச்சினை!

வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது, கொசு கடிக்கும். ஆபீஸ் நமக்குச் சம்பளம் மட்டுமா கொடுத்தது? ஒரு நாள் போகாவிட்டால் "சார் ஏன் வரல?" என்று கேட்க ஆள் இருந்தது. அந்தக் கேள்வி வரக்கூடிய வேலையாகப் பாருங்கள். நடைப்பயிற்சியும் சுடோகுவும் நல்லவைதான், ஆனால் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

முதலில் ஒரு வாரம், எந்த நேரம் நகராமல் கிடக்கிறது என்று குறித்து வையுங்கள். எனக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை. அந்த நேரத்துக்கு மட்டும், வாரம் இரண்டு நாள் வேலை தேடினால் போதும். உற்சாகத்தில் நாலு பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம், குறிப்பாக முதல் வருஷம் அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் பதவி பக்கமே போகாதீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தது பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் வேலையில். கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும், முதுகு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பதில் தப்பு என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. முப்பது வருஷம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பழகிய எனக்கு அதுதான் பெரிய பாடு. சில தேர்வுகளில் எழுதிக் கொடுப்பவரின் படிப்புக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அதனால் உங்கள் பட்டத்தை முன்கூட்டியே சொல்லிக் கேட்டுவிடுங்கள். பக்கத்துக் கல்லூரியில் விசாரித்தாலே போதும், செமஸ்டர் சமயத்தில் ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள்.

வெளியே போக முடியாதா? சரி, தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. நாட்டுடைமையான பழைய நூல்களின் ஸ்கேன் ஒரு பக்கம், கணினி அதைப் படித்துத் தட்டிய எழுத்து இன்னொரு பக்கம். துணைக்காலையும் 'ர'வையும் அது குழப்பிக்கொள்ளும், நீங்கள் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்திய பக்கத்தின் அடையாள நிறம் மஞ்சளாகும், அதை வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. அதாவது, எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்தை எடுத்துப் பார்க்கிறார். தினம் இரண்டு பக்கம் செய்யலாம், கண்ணாடி பவரை மட்டும் முதலில் செக் பண்ணிவிடுங்கள்.

நாற்பதுகளில் இருப்பவர்கள் ஓய்வு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மாதம் ஒரு சனிக்கிழமை இப்போதே போய்ப் பாருங்கள். பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டு வாசலிலேயே 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். பிடிக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பணம். பி.எஃப். வந்த கையோடு ஏதாவது ஏஜென்சி எடுக்கச் சொல்லி ஒரு மைத்துனர் வருவார். முதல் வருஷம் அவருக்குக் காபி மட்டும் கொடுங்கள்.

எதை எடுத்தாலும் மூன்று மாதம் பாருங்கள். ஒரு நாள் போகாதபோது போன் வருகிறதா? வந்தால் தொடருங்கள், வராவிட்டால் தயங்காமல் வேறு இடம் பாருங்கள்.