கியாமாவில் அவசரமில்லாத இரண்டு நாள்: முதன்முறை செல்லும் தம்பதியருக்கான செய்முறை விளக்கம்

சிட்னிக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கியாமா ஒரு சிறிய கடற்கரை ஊர். ரயில் நிலையம், துறைமுகம், கலங்கரை விளக்கம், கடல்நீரை வானத்தை நோக்கிப் பீய்ச்சும் புகழ்பெற்ற பாறைத்துளை ஆகிய நான்கும் நடந்தே போகும் தொலைவில் இருப்பதால், கார் இல்லாத தம்பதியர் தங்கள் முதல் வார இறுதிப் பயணத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை வீடு திரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அறைக்குப் பணம் கட்டும் முன் ரயிலை உறுதி செய்யுங்கள்

சிட்னி சென்ட்ரலிலிருந்து சவுத் கோஸ்ட் தடத்தில் நேரடி ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். தண்டவாளப் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும் என்பதால், நீங்கள் போகும் தேதியில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்களா என்பதை முதலில் பாருங்கள். பேருந்து என்றால் தயங்காமல் வேறு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்தப் பயணத்தின் பாதி இன்பம் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு ஓப்பல் அட்டையோ (இங்குள்ள பொதுப் போக்குவரத்துக் கட்டண அட்டை) வங்கி அட்டையோ வேண்டும். ஒரே அட்டையை இருவருக்கும் தட்ட முடியாது. போகும்போது இடப்புறம் உட்காருங்கள். ஆட்ஃபர்டு சுரங்கத்தைக் கடந்ததும் மலைச்சரிவின் கீழே கடல் திறந்துகொள்ளும்.

படி 2: சனிக்கிழமைக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் வையுங்கள்

விடுதிகளில் அறைச் சாவி வழக்கமாகப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பைகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு, காலின்ஸ் தெருவில் இருக்கும் டெரசஸ் என்னும் மரவீடுகளின் வரிசைக்குப் போங்கள். 1886-இல் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட இந்த வீடுகளில் இப்போது கடைகளும் காப்பிக்கடைகளும் இருக்கின்றன. இங்கே வெட்டிய கருங்கல் ஜல்லி ஒரு காலத்தில் கப்பலில் சிட்னிக்குப் போய் அங்கே சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் கிடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தக் குட்டி வீடுகள் அழகுக்காக நிற்பவை அல்ல என்பது விளங்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் ஏமாறுவார்கள். காப்பிக்கடைகள் பல பிற்பகல் மூன்று மணிக்குள் மூடிவிடும். இரவு எட்டரைக்கு மேல் அடுப்பு எரியும் இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஞாயிறு, அரசு விடுமுறை ஆகிய நாள்களில் பல கடைகள் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக வாங்கும். ஆகவே மாலை ஆறரைக்கே மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு துறைமுகத்தின் ஓரம் உட்கார்ந்துவிடுவது நல்லது. கடற்காகங்கள் சூழ்ந்துகொள்ளும், ஒரு துண்டுகூடப் போடாதீர்கள்.

படி 3: பாறைத்துளைக்குக் கடலைக் கேட்டுப் போங்கள்

முதல் முறை சென்றபோது நாங்கள் இதைச் செய்யவில்லை. கம்பிவேலியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றோம். துளைக்குள் தண்ணீர் குளம்போலத் ததும்பியதே தவிர ஒரு சொட்டும் மேலே வரவில்லை. "கடலுக்கே இன்னைக்கு லீவு போலிருக்குங்க" என்றார் என் மனைவி.

காரணம் பின்னர்தான் தெரிந்தது. எரிமலைப் பாறையில் அலை குடைந்த குகையின் வாய் கடலைப் பார்த்திருக்கிறது, அதன் கூரையில் துளை இருக்கிறது. தென்கிழக்கிலிருந்து வலுவான அலை வந்து குகையை அடைக்கும்போது, உள்ளே சிக்கிய காற்று நெருக்குண்டு நீரை மேலே தள்ளுகிறது. கடல் நன்றாக இருந்தால் ஏறத்தாழ 25 மீட்டர் உயரம் எழும்பும். வானிலை ஆய்வு மையத்தின் கடலோர அறிவிப்பில் அலையின் திசையும் உயரமும் இருக்கும். வடகிழக்கு அலை என்றால் தெற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிறிய துளைக்குப் போங்கள்; அதன் வாய் அந்த அலைக்குத்தான் ஏற்றது.

இரண்டாம் முறை தென்கிழக்கு அலை அடித்தது. முதலில் யாரோ பெருமூச்சை உள்ளே இழுப்பதுபோல ஓர் ஓசை, பிறகு உள்ளங்காலில் ஓர் அதிர்வு, அதன் பின்னரே வெண்ணிறத் தூண் எழுந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தால் உப்பு நெருடியது. 1797 டிசம்பரில் படகில் வந்த ஆங்கிலேயக் கடலாய்வாளர் ஜார்ஜ் பாஸ் இதைப் பார்த்துக் குறித்து வைத்தார். அருகில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1887-இல்தான் வந்தது. வேலியைத் தாண்டிப் பாறையில் இறங்காதீர்கள். அலை அடித்துச் சென்று உயிர் போயிருக்கிறது.

படி 4: ஞாயிறு காலை நீருக்கும் நடைக்கும்

நீச்சல் நன்றாகத் தெரியாதவர்கள் பாறைகளுக்கிடையே கட்டிய கடல்நீர்க் குளத்தில் இறங்கலாம், கட்டணம் இல்லை. சர்ஃப் பீச்சில் குளிப்பதானால் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளியுங்கள், ஏனெனில் அதற்கு வெளியே கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் மேற்பார்வைக்கு அமைதியான நீர்ப்பரப்பாகத்தான் தெரியும்.

நடக்க விரும்புவோருக்குக் கியாமாவின் தெற்கே உள்ள லவ்ஸ் பேயிலிருந்து வெர்ரி காயல் வரை ஆறு கிலோமீட்டர் புல்வெளிப் பாதை இருக்கிறது. வழியில் நிழலோ குடிநீரோ கிடையாது. தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மே முதல் நவம்பர் வரை போனால் கரையிலிருந்தே திமிங்கிலம் மூச்சுவிடுவதைக் காணும் வாய்ப்பு உண்டு. மழைக்குப் பிறகு காயலில் நீர் ஏறியிருக்கும் என்பதால் செருப்பைக் கையில் பிடித்துக் கடக்க வேண்டி வரலாம். நடை முடிந்து, காயலை அடுத்த ஊரான ஜெரிங்காங்கில் கியாமா திரும்ப ஏறும் டீசல் ரயில் அடிக்கடி வராது. அதன் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நடையைத் தொடங்குங்கள்.

படி 5: திரும்பும் ரயில்

இம்முறை வலப்புறம் உட்காருங்கள். கியாமாவை விட்டதும் வரும் பாம்போ நிலையம் மணலை ஒட்டியே இருக்கிறது. ரயில் நின்று கதவு திறக்கும் அந்த அரை நிமிடத்தில் அலையோசை பெட்டிக்குள் வந்துவிடும், ஆகவே பைகளை அடுக்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.