ஸ்கூல் விட்டு வந்ததும் புள்ள கத்துதா?

ஒன்னாம் வகுப்பு புள்ள ஸ்கூல்ல தங்கமா இருந்துட்டு வீட்டுக்கு வந்து பேக்க வீசிட்டு கத்துனா அது கொழுப்பு இல்லீங்க, காலையிலேர்ந்து அடக்கி வச்ச களைப்பும் பசியும்தான் நம்மகிட்ட வந்து கொட்டுது, அதுலயும் நம்ம இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் மழையில மேடேறி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வர்ற புள்ளைக்கு சொல்லவே வேணாம். வந்தவொடனே "ஹோம்வர்க் எங்க"ன்னு ஆரம்பிக்காம ஈரச்சட்டைய மாத்தி, சூடா ரொட்டி குடுத்து ஒரு 20 நிமிஷம் சும்மா விடுங்க. தேயிலக் கொழுந்து பறிக்க போறவங்க அம்மாயிகிட்ட இத சொல்லி வச்சிட்டு போங்க (எங்கூட்டுல அம்மாயி மடிதான் மருந்து). 6 வயசு புள்ளைக்கு 9லேர்ந்து 12 மணித்தியாலம் தூக்கம் வேணும், ராவுல புள்ளகிட்டேர்ந்து ஃபோன வாங்கி வச்சிருங்க. காலையில அடிக்கடி வயித்துவலின்னு சொன்னா ஸ்கூல்ல யாராச்சும் மிரட்டுறாங்களான்னு மெதுவா கேளுங்க, டீச்சரோடயும் பேசிப்பாருங்க.